அப்பாவின் டாங்கியில் நான் மாற்றிச் செருகிய வயர்கள்

இனிமேல் பிறக்கப்போகிற என் மகனே,

இதை எழுதும்போது எனக்கு வயது பதினேழு வருடம் எட்டு மாதம். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்கே தெரியாது; தெரிந்திருந்தால் இந்நேரம் அவளுக்கு எழுதிக்கொண்டிருப்பேன், உனக்கு எழுத மாட்டேன். நீ மகளாகப் பிறந்துவிட்டாலும் கவலைப்படாதே, வருகிற 'டா'வையெல்லாம் 'டி'யாக்கிப் படித்துக்கொள், விஷயம் மாறாது. வழக்கமாக அப்பாக்கள் இப்படிப்பட்ட கடிதத்தை மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ, தங்களுக்கு முட்டி வலி வந்த பிறகோதான் எழுதுகிறார்கள். அதற்குள் பதினேழு வயதில் தாங்கள் எப்படி இருந்தோம் என்பது அவர்களுக்குச் சுத்தமாக மறந்துபோயிருக்கும். செய்யாத நல்லதையெல்லாம் செய்ததாகவும், செய்த வேலையையெல்லாம் வேறு யாரோ செய்ததாகவும் எழுதுவார்கள். நான் மறப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன். நாளைக் காலை கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறேன், கல்லூரி விடுதிக்கு. பெட்டி கட்டியாகிவிட்டது. இந்தத் தாள்கள் அதன் அடியில் இருக்கும். உனக்கு இருபத்தைந்து வயது ஆகும்போது எடுத்துத் தருவேன். அதற்கு முன்னால் நீயே நோண்டி எடுத்துப் படித்தால் தப்பில்லை, நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றி. நீ பார்க்கும்போது அவர் எப்படி இருப்பாரோ தெரியாது, இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கடலூர் சிதம்பரம் ரூட்டில் இருபத்திரண்டு வருடம் தனியார் பஸ் ஓட்டினவர். எங்கள் வீடு சிதம்பரத்தில். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்த வீட்டு மாடு படுத்திருக்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். இந்த வருட ஆரம்பத்தில் தலைவலி என்று கண் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, புள்ளி தெரிகிறதா தெரிகிறதா என்று அரை மணி நேரம் கேட்டிருக்கிறார். பாதிப் புள்ளிகளை அப்பா பார்க்கவே இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை கரைந்துகொண்டே வந்திருக்கிறது. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், பஸ் மட்டும் இனிமேல் ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ் முதலாளி நல்ல மனிதர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்காருங்கள், எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்று எழுதினால் போதும் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னது இதுதான்: "ஸ்டியரிங் புடிச்ச கையி, இனிமே பேனா புடிச்சிக்கினு குந்தணுமாம்." அதன் பிறகு இரண்டு மாதம் அவர் எங்கேயும் போகவில்லை. ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்த்தார். நான் எத்தனை சேட்டை செய்தாலும் தலை நிமிரவில்லை. அவருடைய ரிங்டோனை ஏர் ஹாரனாக மாற்றி வைத்தேன், போன் அலறியது, சாதாரணமாக எடுத்துப் பேசினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தப் போனில்தான் ஒருநாள் அவர் டாங்கியைக் கண்டுபிடித்தார். யாரோ ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் பலகையையும் செயினையும் வைத்து, ரிமோட்டில் ஓடுகிற ராணுவ டாங்கி ஒன்றைச் செய்கிற வீடியோ. அப்பா அதை நான்கு தடவை பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இதற்கு ஸ்டியரிங்கே கிடையாது பார், இந்தப் பக்கப் பட்டையை நிறுத்தி அந்தப் பக்கப் பட்டையை ஓட்டினால் வண்டி தானாகத் திரும்புகிறது என்றார். இன்னொன்றும் சொன்னார். நிஜ டாங்கியில் டிரைவருக்குக் கண்ணாடி கிடையாது, ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பார்த்துதான் ஓட்டுகிறான், ஓரம் தெரியாமலே அவன் சண்டைக்குப் போகிறான் என்று. அதைச் சொன்னபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததெல்லாம் ஒன்றுதான், நாற்பத்தொன்பது வயதில் என் அப்பா பொம்மை செய்யப்போகிறார். இதைவிட ஒரு தீனி எனக்கு வேண்டுமா? தெருவில் போய் எங்கள் வீட்டுக்கு டேங்க் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் ஒன்பது குடம். அம்மா ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னைத் தேடினாள். நான் டியூஷனுக்கு ஓடிவிட்டேன்.

மகனே, நீ என்றைக்காவது ஒரு டாங்கி செய்வதாக இருந்தால், இந்தப் பத்தியை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அப்பாவுக்கு எல்லாமே புதிது. இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டினவருக்கு ஒரு வயரைச் சூடு வைத்து ஒட்டத் தெரியாது. மோட்டாருக்கு மட்டும் அவரிடம் பதில் இருந்தது. கடலூர் ஓல்டு டவுனான ஓ.டி.யில் பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட பஸ்களின் வைப்பர் மோட்டார் கிடைக்கும், மழையில் அவ்வளவு பெரிய கண்ணாடியைத் துடைக்கிற மோட்டார் இதை இழுக்காதா என்று இரண்டு வாங்கிவந்தார். உடம்புக்கு ஆறு எம்.எம். பிளைவுட். பட்டைக்கு முதலில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார். அது பத்தடி ஓடுவதற்குள் நீண்டு, பாவாடை நாடா மாதிரி தொங்கிவிட்டது. பிறகு பக்கத்துக்கு இரண்டு சைக்கிள் செயின், நடுவில் வரிசையாக அலுமினியப் பட்டை வைத்து முடுக்கினார். அந்தச் செயினை இழுக்கப் பல்சக்கரம் வேண்டுமே, அதற்குச் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீலையே மோட்டாரில் மாட்டினார். ஃப்ரீவீல் ஒரு திசையில்தான் இழுக்கும், மறு திசையில் 'கிர்ர்' என்று சும்மா சுற்றும் என்பது சைக்கிள் ஓட்டின எல்லோருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. முன்னால் போ என்றால் இடது பக்கம் மட்டும் ஓடியது, பின்னால் போ என்றால் வலது பக்கம் மட்டும் ஓடியது. எப்படி ஓட்டினாலும் டாங்கி நின்ற இடத்திலேயே பிரதட்சணம் செய்தது. சிதம்பரத்து டாங்கி இல்லையா, நடராஜரைச் சுற்றாமல் எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் முறைக்கவும் இல்லை. மூன்று நாள் யோசித்து, வெல்டிங் பட்டறைக்குப் போய் இரண்டு பொட்டு வைத்து ஃப்ரீவீலைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

ரிமோட்டை ஆன்லைனில் வாங்கினோம். அதில் இரண்டு குச்சி. இடது குச்சி இடது பட்டைக்கு, வலது குச்சி வலது பட்டைக்கு. டாங்கிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு போர்டு. முதல் போர்டில் பேட்டரி வயரை அப்பா பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை வந்தது, அவ்வளவுதான் அதன் ஆயுள். இனி எந்த வயரும் மாறிவிடக் கூடாது என்று அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, இடது பக்கத்துக்குப் போகிற வயர்களின் முனையிலும் அவை செருகுகிற இடத்திலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். சிவப்புக்குச் சிவப்பு. அம்மா ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கையைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள், அதிலும் பாதியை உங்கள் டாங்கி பூசிக்கொண்டதா என்று கேட்டாள். ஆனால் அப்பா இரண்டு மாதத்துக்குப் பிறகு தானாக எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வேலை செய்ய உட்கார்வதை அவள் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் அந்த வண்டிக்கு வைத்த பேர் 'இடிதாங்கி'. போகிற இடமெல்லாம் இடிக்கும், இடித்தால் தாங்கும். கொஞ்ச நாளில் அப்பாவே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைக் காலி மனையில். அப்பாவின் பஸ்ஸில் பதினான்கு வருடமாகக் கண்டக்டராக இருக்கிற குமார் மாமா அதற்கென்றே லீவு போட்டு வந்தார். புது வண்டி எடுத்தால் என்ன செய்வோம்? கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். அப்பாவும் வைத்தார். பஸ் டயர் என்றால் பழம் நசுங்கி ரோட்டோடு போய்விடும். டாங்கிப் பட்டையோ பழத்தை நசுக்காமல் அலுமினியப் பட்டைக்கு நடுவில் கவ்விக்கொண்டு அப்படியே மேலே தூக்கிப்போனது. பழம் ஒரு ராஜா மாதிரி மேல்வழியாகச் சவாரி செய்து, முன்பக்கப் பல்சக்கரத்தில் போய் மாட்டி, செயினைக் கழற்றி எறிந்தது. ஐந்தடிகூடப் போகவில்லை. "யோவ், டிக்கெட் எடுக்காம ஏறிட்டுதுண்ணே அது," என்றார் குமார் மாமா. அப்பா சிரித்தார் பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்து. அதைப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன், அதுதான் நான் செய்த முதல் தப்பு. டாங்கி சொதப்பினால் அப்பா சிரிக்கிறார், ஆகவே இன்னொரு தடவை சொதப்ப வைத்தால் இன்னும் சிரிப்பார் என்று கணக்குப் போட்டேன். தான் தப்பு செய்து தானே சிரிப்பதும், அடுத்தவன் தன்னைத் தப்பு செய்ய வைத்துச் சிரிப்பதும் ஒன்றில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாத இன்னொன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது, உனக்கு இப்போதே சொல்கிறேன். திட்டக்குடியில் ஒருத்தர் புதிதாக மினி பஸ் வாங்கியிருந்தார். கண் சர்டிபிகேட் எல்லாம் கேட்க மாட்டேன், அனுபவம் இருந்தால் போதும், வந்து ஓட்டு என்று அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அது தெரிந்து ஒரு வாரம் சண்டை. அப்பா தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார், அதைக் குமார் மாமாவிடம் மட்டும் சொன்னார். காலி மனையில் செங்கல் வைத்து ரோடு மாதிரி போட்டு, ஒரு கல்லில்கூட இடிக்காமல் மூன்று தடவை டாங்கியை ஓட்டிவிட்டால் கையும் கண்ணும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், திட்டக்குடிக்குப் போய்விடுவது. இடித்தால் போகாமல் இருந்துவிடுவது. பொம்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த வண்டிமேல் அவர் தன் மிச்ச வாழ்க்கையை ஏற்றி வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா செங்கல் அடுக்கப் போனபோது, நான் வீட்டில் டாங்கியின் மூடியைத் திறந்து, ரிசீவரில் செருகியிருந்த இரண்டு வயர்களைப் பிடுங்கி, இதை அதிலும் அதை இதிலும் செருகினேன். அரை நிமிட வேலை. இனி இடது குச்சி வலது பட்டையை ஓட்டும், வலது குச்சி இடது பட்டையை ஓட்டும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது, திரும்பும்போதுதான் வேடிக்கை. வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரை வேறு வரச் சொல்லியிருந்தேன். குமார் மாமா டீ கிளாஸோடு இடது பக்கம் நின்றார். அப்பா இரண்டு குச்சியையும் தள்ளினார், இடிதாங்கி நேராக, அழகாகப் போனது. முதல் செங்கல்தான் முட்லூர் வளைவு, வலது பக்கம் ஒடிக்கவேண்டும். அப்பா ஒடித்தார். டாங்கி இடது பக்கம் திரும்பியது. அப்பாவின் முகம் மட்டும் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. குச்சியை இன்னும் அழுத்தினார். பதினான்கு கிலோ வண்டி வளைந்து போய்க் குமார் மாமாவின் முழங்காலுக்குக் கீழே இடித்தது. அவர் கத்தினார், டீ கொட்டியது, நண்பர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கத்தல் வந்த பக்கம் மெதுவாகத் திரும்பினார். "ஏம்பா குமாரு, நான் ரைட்லதான ஒடிச்சேன்?" என்று கேட்டார். குமார் மாமாவுக்கு ரிமோட் விவரம் ஒன்றும் தெரியாது. காலைத் தேய்த்துக்கொண்டே, "வெயிலு ஜாஸ்திண்ணே, கண்ணு கூசும், உடுங்க," என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம். நண்பர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் திறக்கவில்லை. அப்பா ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு டாங்கியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயங்காலம் அது கோணிப்பையால் மூடப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. மறுநாள் காலை முதலாளிக்குப் போன் செய்து, டைம் கீப்பர் வேலைக்கு வருகிறேன் என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்றார் அவர்.

திங்கட்கிழமை சாயங்காலம் குமார் மாமா வந்து என்னிடம் அந்தப் பரீட்சை விஷயத்தைச் சொன்னார். அம்மா கடையிலிருந்து வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள். பிறகு, "நீ பண்ணது தப்புதான். ஆனா அப்பாகிட்ட சொல்லிடாத," என்றாள். ஏம்மா என்றேன். "சொன்னா அவுரு நாளைக்கே திட்டக்குடிக்குக் கிளம்பிடுவாரு. ஒரு பஸ்ஸுல நாப்பது பேரு இருப்பாங்கடா," என்றாள். மகனே, நீ யாரையாவது இப்படி இடித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டால், நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை. அம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் என் கை செய்த தப்பைத் தன் கை செய்ததாக ஒரு மனிதர் நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையோடே மிச்ச வருடங்களை ஓட்டப்போகிறார். சொன்னால் முன்பின் தெரியாத நாற்பது பேர். சொல்லாவிட்டால் இவர்.

அந்த நாட்களில் அப்பா மாறிப்போனார். டீ கிளாஸை எடுக்கும் முன் விரலால் தொட்டுப் பார்த்து எடுத்தார். கீழ வீதியில் ரோட்டைக் கடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, எடப்பக்கம் ஏதாவது வருதா பார் என்றார். முன்பெல்லாம் நான் கையைப் பிடித்தால் உதறிவிடுகிறவர். அவர் விரல் ஒவ்வொரு தடவை கிளாஸைத் தேடும்போதும், இது நான் செய்தது, இது நான் செய்தது என்று எனக்குள் ஓடியது. என் வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. காய்ச்சலா என்று தெருவில் கேட்டார்கள். பள்ளியில் பழைய சாரைப் பார்த்தபோதுகூட ஒழுங்காக வணக்கம் சொன்னேன், அவர்தான் பயந்துபோனார்.

வியாழக்கிழமை காலை அப்பா வேலையில் சேரக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று கூடவே ஏறிக்கொண்டேன். அவர் ஓட்டின அதே பஸ். வேறொரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். அப்பா மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம், நான் பக்கத்தில். முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. குமார் மாமா எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார். எனக்குள் ஒரே கணக்குதான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸும் இருக்கிறது, திட்டக்குடி பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். இறங்கின பிறகு சொன்னால் அவர் எந்தப் பக்கம் நடப்பார்? சொல்லாவிட்டால் என்ன நினைத்துக்கொண்டு அந்த ஆபீஸுக்குள் போவார்? ஆலப்பாக்கம் தாண்டினதும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு ஒயர நான்தான் மாத்திக் குத்துனேன்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "தெரியும்," என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். "அன்னைக்குச் சாயந்தரமே தொறந்து பாத்தேன். நெயில் பாலிஷ் வெச்சது நானு. செவப்பு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. தெரிந்துமா போன் செய்தார்? கையில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுமா? "அப்பறம் ஏம்பா மொதலாளிக்குப் போன் பண்ண?"

அவர் பஸ் சத்தத்துக்கு மேலே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒயரு உன்னுது. மிச்சம் என்னுதுடா. அது ரைட்ல போவும்னு ரைட்லயே பாத்துக்கினு இருந்தேன். அது லெஃப்ட்ல பூடுச்சி. எனக்கு வண்டியே காணோம். அவ்ளோ பெரிய வண்டி, எனக்குப் பத்தடி தூரத்துல. குமாரு கத்துனப்புறம்தான் எங்க இருக்குதுன்னே தெரிஞ்சிது." முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, அவர் கால் தரையை அழுத்தியது. "இந்த ரோடு எனக்கு மனப்பாடம். எது எங்க வரும்னு நெனைக்கிறேனோ அது அங்கதான் வரும். அதனால கண்ணு தெரியுதுன்னு நெனைச்சிக்கினு ஓட்டிக்கினு இருந்திருக்கேன். நெனைக்காத எடத்துல ஒரு கொழந்த வந்தா? அது கத்துறவரைக்குமா நான் காத்துக்கினு இருப்பேன்?"

நான் அழுதுவிட்டேன். பஸ்ஸில் அழுவது எவ்வளவு கேவலம் என்று உனக்குத் தெரியும், அதுவும் பின்சீட்டில் பாலிடெக்னிக் பெண்கள் இருக்கும்போது. கர்ச்சீப் இல்லை. அப்பா தன் தோள் துண்டின் முனையைத் தள்ளிவிட்டார். தெரிந்தும் என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். "நீயா சொல்லுவன்னு பாத்தேன். இன்னையோட பதினோரு நாளு," என்றார். அம்மா சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். "அவ பயந்தது நாயம். நானே என்னை நம்பல," என்றார்.

கடலூரில் இறங்கும்போது படியைக் காலால் தேடினார். குமார் மாமா கையை நீட்டினார், அப்பா பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிரிலேயே திட்டக்குடி பஸ் என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது, கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா நின்று அந்த பஸ்ஸைப் பார்த்தார். அவர் வாட்சை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிசம் லேட்டு," என்று சொன்னார். பிறகு டைம் ஆபீஸைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து டாங்கி வெளியே வருகிறது. சிவப்பு சிவப்பில்தான் இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொல்கிறார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது சில நேரம் வண்டி அவர் பார்வையிலிருந்து நழுவிவிடும். உடனே குச்சியை விட்டுவிட்டு, எங்கடா என்பார். பழைய அப்பா என்றால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. நான் சொல்வேன், லெஃப்ட்ல, சுவர் ஓரமா என்று. ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. சரி, ஒரு தடவை சொன்னேன், உடனே கண்டுபிடித்துவிட்டார். நாளையிலிருந்து அந்த வேலையை அம்மா பார்க்கவேண்டும். இன்று சாயங்காலம் பழகிப் பார்த்தாள். அவளுக்கு லெஃப்ட் எது ரைட் எது என்று அவசரத்தில் வராது. 'அங்க, அங்க' என்று கையைக் காட்டுகிறாள், கையைத்தான் அவரால் பார்க்க முடியாது. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டு, கடைசியில் இடிதாங்கி சாக்கடையில் இறங்கிவிட்டது. பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு நான் போய்த்தான் தூக்கினேன்.

மகனே, நீ என் மகன் என்பதால் ஒன்று நிச்சயம், என்றைக்காவது ஒருநாள் என் வயரையும் நீ மாற்றிச் செருகுவாய். அன்றைக்கு உன் நண்பர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய், நான் எதுவும் கேட்காமல் எழுந்து போய்விடுவேன். எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. உள்ளே உட்கார்ந்து உனக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று, என் அப்பாவுக்குப் பதினோரு நாள் பொறுமை இருந்தது. எனக்கு அவ்வளவெல்லாம் கிடையாது. இரண்டு நாளுக்குள் வந்து சொல்லிவிடு.